சென்ட்ரலைக் கடலில் போடாதீங்க!

சர்வே கேம்ப் போகும் சிவில் மக்களே, ஒரு நிமிஷம்!

யு.டி.எம். கட்டத்தில் சென்னை சென்ட்ரலின் ஈஸ்டிங் சுமார் 4,21,000 மீட்டர். 44-ம் மண்டலத்தின் நடுக்கோடான 81 டிகிரி தீர்க்கரேகைக்கு 5,00,000 என்று வைத்திருப்பதால், ஸ்டேஷன் அதற்கு 79 கி.மீ. மேற்கே இருக்கிறதுன்னு அர்த்தம். இதை அட்சரேகை, தீர்க்கரேகையாக்க சாஃப்ட்வேருக்கு ஒரு நொடி போதும். ஆனா 44-க்குப் பதில் 43-ஐ க்ளிக்கினா... போச்சு! சென்ட்ரல் நேரா மங்களூருக்கு மேற்கே அரபிக்கடல்ல மிதக்கும். சாஃப்ட்வேர் மூச்சு விடாது. 60 மண்டலத்துக்கும் அதே எண்கள்தானே!

கடல்ல விழுந்தா பார்த்ததும் கண்டுபிடிச்சிடலாம். நிஜ வில்லன் வேற. நம்ம பழைய டோபோ ஷீட், பூமியின் உருவத்துக்கு எவரெஸ்ட் 1830-ல் கொடுத்த கணக்கில் வரைந்தது. ஜி.பி.எஸ். பேசுறதோ டபிள்யூ.ஜி.எஸ். 84. இரண்டையும் மாற்றாமல் ஒட்டினால் சென்னையில் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் நகரும். தெருவே மாறிடும், யாருக்கும் சந்தேகம் வராது. ஷீட் ஓரத்துப் பொடி எழுத்தை முதல்ல படிங்க.