தெரிந்தும் முறுக்குகிறான், ஏன்?

ராஜபாளையம் தென்காசி ரோடு, மில் ஷிப்ட் விடும் நேரம். எதிரே லாரி வருவது தெரிந்தும், பஸ்ஸை முந்த ஆக்சிலேட்டரை முறுக்குகிறான் பதினேழு வயதுப் பையன். ‘திமிர்’ என்று திட்டிவிட்டுப் போகிறோம். எல்லாம் திமிர் அல்ல. சிலருக்கு அது சிறுவயது ஏடிஹெச்டியின் தொடர்ச்சி. கவனச்சிதறலும் மிகைத்துடிப்பும் கொண்ட கோளாறு.

மூளைக்கு பிரேக் முன்புறணிதான். 2007-இல் வெளியான அமெரிக்க ஸ்கேன் ஆய்வில், ஏடிஹெச்டி உள்ள குழந்தைகளின் மூளைப்புறணி முதிர்வு மற்றவர்களைவிடச் சுமார் மூன்று ஆண்டு பிந்தியிருந்தது. அதிகம் பிந்தியது முன்பகுதி. டோபமைன் செயல்பாடும் மாறுபடுவதால், காத்திருந்து பெறும் பெரிய பலனைவிட உடனே கிடைக்கும் சின்னக் கிளர்ச்சி அவர்களை இழுக்கிறது. ஆபத்து தெரியாமல் இல்லை. யோசனை வருவதற்குள் கை முறுக்கிவிடுகிறது!

வயது ஏற ஏற ஓட்டமும் துள்ளலும் அடங்கும். அவசரம் பலருக்கு அடங்குவதில்லை. புகை, குடி, சூதாட்டம் என்று வேறு வேடம் போடும். டென்மார்க்கில் சுமார் 19 லட்சம் பேரின் பதிவேடுகளை ஆராய்ந்த 2015 ஆய்வில், ஏடிஹெச்டி உள்ளவர்களின் அகால மரணங்களுக்கு முதன்மைக் காரணம் விபத்துகளே. எல்லோருக்கும் இப்படி நேர்வதில்லை, மாற்றவும் முடியும். சுவீடனில் 2014-இல் வெளியான ஆய்வில், மருந்து எடுத்த காலங்களில் ஆண்களுக்குக் கடுமையான சாலை விபத்து 58 சதவீதம் குறைவு.

பிள்ளைக்கு இது இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் அடிக்காதீர்கள், மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அரசின் இலவச மனநல ஆலோசனை எண் 14416.