ஜே.சி.பி-க்குள் இருக்கும் அந்த டப்பா, உங்கள் காருக்கும் தேவையா?

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குச் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால், முன்னால் சுண்ணாம்புக்கல் லாரி, எதிரே சிமென்ட் லாரி என்று மாட்டிக்கொண்டால், கிளட்ச் மிதித்து மிதித்தே இடது கால் மரத்துப்போகும். ‘அடுத்த வண்டி ஆட்டோமேட்டிக்தான்’ என்ற முடிவு பல வீடுகளில் இந்தச் சாலையில்தான் பிறக்கிறது.

ஷோரூமில் போய் ‘ஆட்டோமேட்டிக் இருக்கா?’ என்று மட்டும் கேட்டால் போதாது. ‘உள்ளே இருப்பது டார்க் கன்வெர்ட்டரா, ஏ.எம்.டி-யா?’ என்றும் கேட்க வேண்டும். இரண்டுக்கும் இரண்டாவது பெடல் வரைதான் ஒற்றுமை.

டார்க் கன்வெர்ட்டரைப் புரிந்துகொள்ள இரண்டு டேபிள் ஃபேன் போதும். எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும் அல்லவா? காற்றுக்குப் பதில் ஆயில், அவ்வளவுதான். நடுவில் இருக்கும் இன்னொரு சக்கரம், திரும்பி வரும் ஆயிலைத் திசைமாற்றித் தள்ளுவதால், வண்டி கிளம்பும்போது இழுவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஜெர்மன் பொறியாளர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றது காருக்காக அல்ல, கப்பலுக்காக!

நம் ஊரில் இதை ஜே.சி.பி-யில் பார்க்கலாம். பக்கெட் மண்ணில் குத்தி நிற்கும், சக்கரம் நகராது. ஆனாலும், இன்ஜின் ஆஃப் ஆகாமல் உறுமிக்கொண்டே இருக்கும். கியரில் இருக்கும் வண்டியை நகரவிடாமல் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தால், இன்ஜின் எந்த ஆர்.பி.எம் வரை ஏறி நிற்கிறதோ அதுதான் ‘ஸ்டால் ஸ்பீடு’. சக்கரத்துக்குப் போகாத சக்தி சும்மா போவதில்லை. ஆயிலைச் சூடாக்குகிறது.

கனமான வண்டிக்கு இந்த வழுக்கல் வரம். இலகுவான வண்டிக்கு? அதைத் தெரிந்துகொள்ள அமெரிக்கா போக வேண்டும். அங்கே பழைய ஃபோர்டு கார்களின் மட்கார்டு, பானெட்டையெல்லாம் கழற்றி, எடையைக் குறைத்து, பெரிய இன்ஜினை ஏற்றி ஓட்டுவார்கள். பெயர் ‘ஹாட் ராட்’. 1930-களில் கலிஃபோர்னியா இளைஞர்கள் கிளப்பிவிட்ட மோகம் அது. அதிக ஸ்டால் ஸ்பீடு என்றால் அதிக வேகம் என்று நினைத்து டார்க் கன்வெர்ட்டர் வாங்கினால், சாதாரண ஓட்டத்தில் இன்ஜின் கத்தும், வண்டி மெதுவாகத்தான் நகரும், ஆயில் கொதிக்கும். எடை குறைவான வண்டி லேசாகத் தள்ளினாலே ஓடிவிடும். இன்ஜினுக்குச் சுமை ஏறாததால், பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஆர்.பி.எம்-மை அது எட்டவே எட்டாது. அதனால்தான் வண்டியின் எடை, இன்ஜினின் குணம், ஆக்ஸில் விகிதம், டயர் அளவு என எல்லாவற்றையும் பார்த்த பிறகே தேர்வு செய்கிறார்கள்.

இங்கே அந்த விளையாட்டெல்லாம் செல்லாது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொருத்தம் பார்க்கும் வேலையைக் கம்பெனியே முடித்துவிடுகிறது. நம் வேலை, சரியான காரைத் தேர்ந்தெடுப்பது மட்டும்தான்.

சின்ன கார்களில் பெரும்பாலும் வருவது ஏ.எம்.டி. 2014-ல் செலெரியோ மூலம் இங்கே பரவியது. வழக்கமான கியர்பாக்ஸ்தான், கிளட்ச்சை மிதிப்பது, கியரை மாற்றுவது ஆகிய வேலைகளை மட்டும் ஒரு கருவி பார்க்கிறது. விலை குறைவு, மைலேஜும் நன்றாகக் கிடைக்கும். ஆனால், கியர் மாறும்போது ஒரு கணம் இழுவை விட்டுப்போகும். டவுனில் அது வெறும் தலையாட்டல். லாரியை ஓவர்டேக் செய்யும்போது அது வேறு கதை. மேனுவல் மோடுக்கு மாற்றி, கியரைக் குறைத்துக்கொண்டு பிறகு ஏறுவதுதான் பாதுகாப்பு. மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்தி வைப்பவர்கள், கிளட்ச் பிளேட்டைத் தாங்களே எரிக்கிறார்கள். அங்கே பிரேக்தான் பிடிக்க வேண்டும்.

2022 முதல் எர்டிகா, பிரெஸ்ஸா போன்றவற்றில் 6 கியர் டார்க் கன்வெர்ட்டர் கிடைக்கிறது. விலை கூடுதல். வண்டி சீரான வேகத்துக்கு வந்ததும் ‘லாக்-அப் கிளட்ச்’ இரண்டு பக்கத்தையும் இறுகக் கோத்துவிடும். வழுக்கல் நின்றுவிடும். அதனால் திருச்சி - சென்னை நான்குவழிச் சாலையில் மைலேஜ் பெரிதாக அடிபடாது. லாரிக்குப் பின்னால் நின்று நின்று ஊர்ந்தால் அடிபடும். ஆனால், முழங்கால் வலியோடு ஓட்டுபவருக்கும் ஆறேழு பேரை ஏற்றிப் போகிறவருக்கும் அந்தக் காசு தகும். தனியாளாக ஆபீஸ் போய்வருபவருக்கு ஏ.எம்.டி போதும்.

டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூம் தெருவைச் சுற்றினால் எதுவும் தெரியாது. குடும்பத்தையே ஏற்றி, ஏ.சி-யைப் போட்டு, லாரி ஓடும் சாலையில் ஓட்டிப் பாருங்கள்.

பழைய டார்க் கன்வெர்ட்டர் கார் என்றால், கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில்லைக் கேளுங்கள். ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் வந்த வழியே திரும்பிவிடலாம். பேட்டரி செத்தால் இந்தக் கார்களைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. இன்ஜின் சுழலும் சக்கரங்கள் ரோட்டில் உருளும்படி கயிறு கட்டி இழுத்தாலும் கியர்பாக்ஸ் கெட்டுப்போகும். வண்டியை அப்படியே மேலே ஏற்றிக்கொண்டு போகும் ரெக்கவரி வேன் நம்பரை போனில் இப்போதே சேமித்து வையுங்கள்.