மீன்தொட்டியில் பாசி ஏன் படர்கிறது?

குறுந்தொகையின் 399ஆம் பாட்டில், தலைவியின் உடலில் படரும் பசலைக்கு ஊரார் நீருண்ணும் கேணியின் பாசியைப் பரணர் உவமை கூறுகிறார். கைபட்ட இடத்தில் விலகுவதும், கையை எடுத்தவுடன் மீண்டும் வந்து மூடிக்கொள்வதும் பாசியின் இயல்பு. அதனை உற்று நோக்கியவர் அப்புலவர்.

இந்த இயல்பைக் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் கண்ணாடித் தொட்டியில் மீனோடு நீர்ச்செடியும் வளர்ப்போர் நன்கு அறிவர். ஞாயிற்றுக்கிழமை துடைத்த கண்ணாடி அடுத்த ஞாயிறு வருமுன் பச்சை பூசிக்கொள்கிறது. இலை விளிம்பில் கரிய மயிர்போல் ஒன்று ஒட்டிக்கொள்கிறது. சிலர் ஓயாது துடைக்கின்றனர். சிலர் பாசிக்கொல்லி மருந்தை ஊற்றி, மறுநாள் மீன்கள் மிதக்கக் கண்டு, தொட்டியையே கவிழ்த்து வைத்துவிடுகின்றனர். "உரமிட்டதால் வந்த வினை" என்பதே பெரும்பாலோர் கூறும் காரணம். இக்கூற்று எவ்வளவு உண்மை என்பதை ஆராய்வோம்.

பாசி வேறு, செடி வேறு

தமிழில் பாசி என்னும் சொல் பரந்த பொருளுடையது. தாவர நூலார் ஹைட்ரில்லா என்று கூறும் நீர்ச்செடியை நாம் வேலம்பாசி என்கிறோம். அதற்கு வேரும் தண்டும் இலையும் உண்டு, பூக்கவும் செய்யும். ஆகவே அது பாசியன்று, செடியே. உண்மைப் பாசிக்கு வேர் இல்லை, தண்டு இல்லை, பூவும் இல்லை. அது தன் உடல் முழுவதாலும் நீரிலிருந்து உணவை உறிஞ்சிக்கொள்ளும்.

தொட்டி வைப்போர் விரும்பி வளர்க்கும் கிரிப்டோகோரைன் என்னும் செடியினம் நமக்கு அயலானதன்று. அதன் வகைகளுள் பல மலாயாத் தீபகற்பத்தின் ஆறுகளிலும் சதுப்புக் காடுகளிலும் இயல்பாக வளர்பவை. அவ்வினத்தைச் சேர்ந்த மற்றொரு செடியின் கிழங்கே தமிழகத்து நாட்டு மருந்துக் கடைகளில் நாட்டு அதிவிடயம் என்னும் பெயரால் விற்கப்படுகிறது.

செடிக்கும் பாசிக்கும் வேண்டும் பொருள்கள் ஒன்றே: ஒளி, கரியமிலவாயு, நைட்ரஜன், பாஸ்பரம், பொட்டாசியம், மக்னீசியம், இரும்பு முதலியன. ஆனால் அளவில் வேறுபாடு உண்டு. நுண்ணிய பாசி மிகச் சிறிதளவு உணவைக் கொண்டே பிழைத்துக்கொள்ளும். பேருடல் படைத்த செடி அவ்வாறு பிழைக்க இயலாது. ஆதலின், உணவை நிறுத்திப் பாசியைப் பட்டினி போட முயல்வோர் முதலில் செடியைத்தான் பட்டினி போடுகின்றனர்.

செம்பனை கற்பிக்கும் பாடம்

தோட்டப்புறத்தில் வாழ்ந்தோர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். மக்னீசியம் குறைந்த நிலத்தில் செம்பனையின் முதிர்ந்த மட்டைகள் ஆரஞ்சு நிறம் கொள்ளும். அம்மட்டையிலும் வெயில் படும் ஓலைகளே நிறம் மாறும்; மற்றோர் ஓலையின் நிழல் படிந்த பகுதி பச்சையாகவே இருக்கும். மண் ஒன்று, வேர் ஒன்று. எனினும் ஒளி மிகுந்த இடத்தில்தான் குறை வெளிப்படுகிறது. ஒளி மிகுந்தால் செடியின் உணவுத் தேவையும் மிகும் என்பதே இதன் பொருள்.

மீன்தொட்டியிலும் நிகழ்வது இதுவே. மேலே வலிய விளக்கு எரிகிறது. கீழே செடிக்கு உணவு போதவில்லை. எந்தச் சத்து மிகக் குறைவோ அதுவே வளர்ச்சியின் எல்லையை வகுக்கும் என்பது 19ஆம் நூற்றாண்டில் செருமானிய அறிஞர் ஸ்பிரெங்கல் கண்டு, லீபிக் பரப்பிய விதி. நைட்ரஜன் மிகுந்திருந்தும் பொட்டாசியம் இல்லையெனில் செடி நின்றுவிடும். நின்ற செடியின் இலை நலியும். நலிந்த இலையிலிருந்து பொருள்கள் நீரில் கசியும். எஞ்சிய ஒளியையும் கசிந்த உணவையும் பாசி எடுத்துக்கொள்கிறது. சுருங்கக் கூறின், பாசி நோயன்று. செடியின் நலிவைக் காட்டும் அறிகுறி.

அச்சம் பிறந்த வரலாறு

உரத்தைப் பற்றிய அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. 1973இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் டேவிட் ஷிண்ட்லர் என்னும் அறிவியலாளரும் அவர் குழுவினரும் ஓர் ஏரியைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்தனர். இரு பாதியிலும் கரிமமும் நைட்ரஜனும் இட்டு, ஒன்றில் மட்டும் பாஸ்பரத்தையும் சேர்த்தனர். பாஸ்பரம் சேர்ந்த பாதி பாசியால் பச்சையாயிற்று. 1996இல் பால் சியர்ஸ், கெவின் கான்லின் என்னும் இருவர் மீன்தொட்டிக்கும் இக்கருத்தைப் பொருத்தி, ஏனைய சத்துகளை இட்டுப் பாஸ்பேட்டை மட்டும் குறைவாக வைக்கும் முறையை வெளியிட்டனர்.

பின்னர் அமெரிக்கரான டாம் பார், செடி அடர்ந்த தொட்டிகளில் பாஸ்பேட்டை வேண்டுமென்றே சேர்த்தும் பாசி பெருகவில்லை என்று எடுத்துக்காட்டினார். இரண்டும் முரண் அல்ல. திறந்த ஏரியில் உணவை எடுத்துக்கொள்ளப் பெருஞ்செடிகள் போதிய அளவில் இல்லை, தொட்டியில் உண்டு. நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே இதற்குச் சான்று உண்டு. 1997, 1998ஆம் ஆண்டுகளில் புத்ராஜெயா ஏரியின் மேற்புறத்தில் 24 பாத்திகள் கொண்ட ஈரநிலம் அமைக்கப்பட்டது. ஆற்றுநீர் கொணரும் நைட்ரஜனையும் பாஸ்பரத்தையும் அங்குள்ள செடிகள் முன்னதாகவே உண்டு, ஏரியில் பாசி மிகாமல் காக்க வேண்டும் என்பதே அதன் நோக்கங்களுள் ஒன்று.

ஒளியும் உரமும்

முதலில் ஒளியை அளந்து கொடுத்தல் வேண்டும். நம் நாட்டில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் சன்னலோரம் வைத்த தொட்டி விளக்கில்லாமலேயே மிகுந்த ஒளி பெறும். நேர்வெயில் படாத இடத்தில் வைத்து, நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் விளக்கிட்டால் போதும்.

அடுத்தது கரியமிலவாயு. காற்றோடு சமநிலையில் நிற்கும் நம் நாட்டு நீரில் அது லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவே கரைந்திருக்கும். வலிய விளக்கிடுவோர் உருளையிலிருந்து வாயுவைச் செலுத்தி அதனை 20 முதல் 30 மில்லிகிராம் வரை உயர்த்துகின்றனர். அதற்கு மேற்பட்டால் மீன் மூச்சுத் திணறும். வாயு செலுத்த இயலாதோர் விளக்கைக் குறைத்து, கிரிப்டோகோரைன், ஜாவாப் பெரணி போன்ற மெல்ல வளரும் செடிகளை வைப்பதே அறிவுடைமை.

உரத்தைக் கணக்கிட்டு இடுவது கடினமன்று. 100 லிட்டர் நீரில் நைட்ரேட்டை லிட்டருக்கு 10 மில்லிகிராம் உயர்த்த ஏறத்தாழ 1.6 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் வேண்டும். பாஸ்பேட்டை 1 மில்லிகிராம் உயர்த்த 0.14 கிராம் ஒற்றைப் பொட்டாசியம் பாஸ்பேட் போதும். மக்னீசியத்தை 5 மில்லிகிராம் உயர்த்த 5 கிராம் எப்சம் உப்பு இடலாம். இரும்புச் சத்தைப் பாஸ்பேட்டோடு ஒரே புட்டியில் கலக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து கரையாத படிவாகிவிடும். வாரம் ஒருமுறை பாதி நீரை மாற்றினால் மிகுந்து தேங்கியவை நீங்கும். புதுநீரின் குளோரினை நீக்கிய பிறகே ஊற்ற வேண்டும். மீன் மிகுந்து செடி குறைந்த தொட்டியில், மீனின் கழிவே நைட்ரஜனும் பாஸ்பரமும் தரும். அங்கே அவற்றை மேலும் இடுதல் வேண்டாம்.

தோட்டத்துக்கு இடும் யூரியாவையும் அம்மோனிய உரத்தையும் தொட்டியில் இடுதல் ஆகாது. அம்மோனியா மீனுக்கு நஞ்சு, பாசியையும் தூண்டும்.

இலையே குறையைச் சொல்லும். முதிர்ந்த இலை முழுதும் மஞ்சளானால் நைட்ரஜன் குறை. முதிர்ந்த இலையில் ஊசித்துளைகள் தோன்றினால் பொட்டாசியம் குறை. இளந்தளிர் வெளுத்தால் இரும்புக் குறையை ஐயுறலாம். ஆனால் புதிதாக நட்ட கிரிப்டோகோரைன் இலை முழுவதையும் உதிர்த்தால் அஞ்ச வேண்டா. இடமாற்றத்தால் நேர்வது அது. வேரைப் பிடுங்காமல் விட்டால் பெரும்பாலும் மீண்டும் தளிர்க்கும்.

வந்த பாசியை என் செய்வது?

புதுத் தொட்டியில் தோன்றும் பழுப்புப் படலம் சில வாரங்களில் தானே குறையும். கரிய மயிர்ப்பாசி சிவப்புப் பாசி இனத்தைச் சேர்ந்தது. கரியமிலவாயு ஏறி இறங்கும் தொட்டிகளில் மிகுதியாகக் காணப்படுவது. அது பற்றிய இலையை வெட்டிவிடுவதே எளிது. துர்நாற்றத்தோடு நீலப்பச்சைப் போர்வைபோல் படர்வது உண்மையில் ஒருவகை நுண்ணுயிர். அதனை உறிஞ்சி அகற்றி, மூன்று நாள் தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக்கினால் பெரிதும் மடியும். நத்தையும் இறாலும் நல்ல துணைவர். ஆனால் மயில்துத்தம் கலந்த பாசிக்கொல்லி இத்துணைவரையே முதலில் கொன்றுவிடும். மேலும், ஒரே நாளில் மடிந்த பாசி அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடும். மருந்தூற்றிய மறுநாள் மீன் மிதப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பள்ளியில் செய்து காண

ஆசிரியர்கள் இவ்வுண்மையை வகுப்பறையிலேயே காட்டலாம். இரு கண்ணாடிப் புட்டிகளில் ஒரே நீரை நிரப்பி, இரண்டிலும் ஒரே அளவு உரமும் ஒரு கரண்டிக் குளத்துநீரும் விடுக. ஒன்றில் மட்டும் வேலம்பாசியை நிறைய இடுக. ஏடிஸ் கொசு முட்டையிடாதவாறு வாயை மெல்லிய வலைத்துணியால் கட்டி, இரண்டையும் ஒரே சன்னலருகே வைத்து, மூன்று வாரம் குறிப்பெடுக்கச் செய்க. உரம் இரண்டிலும் ஒன்றே; வெயிலும் ஒன்றே. எந்தப் புட்டி முதலில் பச்சையாகிறது, எது தெளிந்து நிற்கிறது என்பதை மாணவர் தம் கண்ணாலேயே காண்பர். அதன்பின், வீட்டுத் தொட்டியில் பாசி கண்டபோது மருந்துப் புட்டியைத் தேடுமுன், செடிக்கு எது குறைவு என்று அவர்களே கேட்கத் தொடங்குவர்.