கண்டல் காட்டைக் காக்க செய்மதியும் வேண்டும், எமது அறிவும் வேண்டும்

களுதாவளைக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்திலே மிளகாயும் வெற்றிலையும் செய்து வாழ்கிறோம். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவியின் ஓரங்களில் நிற்கும் கண்டல் மரங்களைக் 'கண்ணாப் பத்தை' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒதுங்கி வளர்வது அவற்றின் வேர்களுக்கிடையில்தான். கணவரை இழந்தபின் அத்தாங்கோடு வாவியில் இறங்கிப் பிள்ளைகளைப் படிப்பித்த தாய்மாருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இந்தக் காடு குறைந்ததற்கு யார் காரணம் என்ற கேள்வி எழும்போது, 'விறகு வெட்டும் ஏழைச் சனம்' என்ற பதில்தான் முதலில் வருகிறது. இந்தப் பதில் சரியானதா என்பதை நாம் ஆராய வேண்டும். ஏனெனில் காட்டைப் பாதுகாக்கப் போடும் வேலி, பழி சுமந்தவர்களைத்தான் முதலில் வெளியே நிறுத்தும்.

வானிலிருந்து தெரிவது

1972ஆம் ஆண்டு முதல் 'லாண்ட்சற்' எனும் அமெரிக்கச் செய்மதிகள் பூமியைப் படம் பிடித்து வருகின்றன. 2008 முதல் இப்படங்களை எவரும் இலவசமாகப் பெறலாம். முப்பது வருடங்களுக்கு முன் ஓரிடம் பச்சையாக இருந்ததா, எந்த வருடத்தில் வெறுமையானது என்று இவற்றைக் கொண்டு அறியலாம். யுத்தத்தால் எவரும் கால் வைக்க முடியாதிருந்த இடங்களுக்கும் இப்படியான படங்கள் உண்டு. எமது மாவட்டத்துக்கு இது பெரிய வாய்ப்பு.

ஆனால் அந்தப் படத்தின் மிகச் சிறிய கட்டம் 30 மீற்றருக்கு 30 மீற்றர், அதாவது சுமார் 35 பேர்ச் காணி. 2015இல் ஏவப்பட்ட ஐரோப்பியச் செய்மதியான 'சென்ரினல் 2' 10 மீற்றர் வரை துல்லியமாகக் காட்டுகிறது. எமது வாவியோரக் கண்டல்களோ பல இடங்களில் சில மீற்றர் அகலமான வரிசைகளாகவே நிற்கின்றன. அவை ஒரு கட்டத்துக்குள் தண்ணீரோடும் வயலோடும் கலந்து மறைந்துவிடும்.

ஒருமுறை அச்சிட்ட படமொன்றைச் சில பெண்களுக்குக் காட்டினேன். வயதான அம்மா ஒருவர் விரலை வைத்துக் கேட்டார்: "இதென்ன மகள், கண்ணா எண்டு கிடக்கு? மாரியில ஆத்துவாழை வந்து அடையிற இடமெல்லோ இது!" தண்ணீரில் மிதக்கும் ஆற்றுவாழையும் கரையில் வேரூன்றிய மரமும் மேலிருந்து பார்க்க ஒரே பச்சைதான். முகத்துவாரம் வெட்டப்பட்டு வெள்ளம் வடிந்த பின் எடுத்த படத்துக்கும், வாவி நிறைந்திருக்கும்போது எடுத்த படத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் வாவியோடு வாழ்பவர்களே சரியாக விளங்கிக்கொள்வார்கள்.

காரணத்தையும் படம் சொல்லாது. 1980களில் வாவிக்கரையில் தொடங்கி, யுத்தத்தால் கைவிடப்பட்ட இறால் பண்ணைகள், பாதுகாப்புக்கென்று வீதியோரங்களில் வெட்டி அகற்றப்பட்ட கண்டல்கள், விறகுக்கு வெட்டிய கிளைகள் யாவும் படத்தில் வெறுமையாகவே தெரியும். எது எதனால் நடந்தது என்பது எமது நினைவில்தான் இருக்கிறது.

பிச்சாவரம் தரும் பாடம்

தமிழ்நாட்டில் சிதம்பரத்துக்கு அருகே பிச்சாவரம் கண்டல் காடு உள்ளது. எமது வாவிக்கரையிலும் வளரும் தில்லை மரத்தின் பெயரே சிதம்பரத்தின் பழைய பெயர். அங்கும் காடு அழிந்ததற்கு ஆடு மாடு மேய்த்தவர்களும் விறகு வெட்டியவர்களுமே காரணமென்று சொல்லப்பட்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்தபோது வேறு காரணம் தெரிந்தது. ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரை அரச நிர்வாகமே பகுதி பகுதியாக மரங்களை முற்றாக வெட்டி வந்தது. வெயில் பட்ட மண் காய்ந்து, இறுகி, தாழ்ந்து, தொட்டி போலானது. அதில் தேங்கிய கடல்நீர் வற்ற வற்ற உப்பு மிஞ்சியது. கன்றுகள் முளைக்கவில்லை.

ஊர் மக்களும் வனத்துறையும் அந்நிறுவனமும் சேர்ந்து, மீன் முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டித் தண்ணீரை ஓடச் செய்து கன்றுகளை நட்டார்கள். 1986ஆம், 2002ஆம் ஆண்டுகளின் செய்மதிப் படங்களை ஒப்பிட்டபோது கண்டல் பரப்பு ஏறக்குறைய 90 வீதம் கூடியிருந்தது. ஏழைகள் மீதிருந்த பழி நீங்கியதும் அவர்களோடு சேர்ந்தே காடு திரும்பியது.

இதற்கு மாறான அனுபவம் எமது நாட்டில் உண்டு. 2004 சுனாமிக்குப் பின்னர் இலங்கையில் 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை கண்டல் நடப்பட்டது. 2017இல் வெளியான ஆய்வின்படி, வெற்றி கண்டது 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே. ஆராயப்பட்ட 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பொருந்தாத இடத்தில் நட்டதும், நட்டபின் பராமரிக்காததும் முக்கிய காரணங்கள். எந்த இடத்தில் தண்ணீர் ஏறி இறங்கும், எங்கே மாடு வரும் என்பதை ஊரவர்களிடம் கேட்டிருந்தால் பல கன்றுகள் பிழைத்திருக்கும்.

நாம் செய்யக்கூடியவை

மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு பெரிய தாளில் உங்கள் கரையை வரையுங்கள். மூத்தவர்களும் இளையவர்களும் சேர்ந்திருக்கட்டும். முன்பு மரம் நின்ற இடம், அது போன வருடம், தானாகக் கன்று முளைக்கும் இடம், தண்ணீர் தேங்கும் இடம், நண்டு பிடிக்கும் இடம், விறகு பொறுக்கும் இடம் ஆகியவற்றைக் குறியுங்கள். காரணத்தை எழுதுங்கள், ஆட்களின் பெயர் வேண்டாம். பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் அந்த இடங்களின் அமைவிடத்தைப் பதிந்துகொள்ளலாம். பின்னர் அதன் பிரதியொன்றைப் பிரதேச செயலகத்திலும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்திலும் கொடுத்து, செய்மதிப் படத்தோடு ஒப்பிடும்படி கேளுங்கள். மூலப் பிரதி சங்கத்திலேயே இருக்கட்டும்.

நாளை அதிகாரிகள் வரைபடத்தோடு வந்து கண்டல் காட்டுக்கு எல்லை போடும்போது, நீங்கள் நண்டு பிடிக்கும் துறையும் வாவிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையும் அதில் இல்லாமற் போகலாம். அப்போது எடுத்துக் காட்ட எமது கையிலும் ஒரு படம் வேண்டும், சகோதரிகளே.