திருத்தணி வெயிலில் களைமருந்து

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால், மாலைச் செய்தியின் வெப்பநிலைப் பட்டியலில் வேலூரும் திருத்தணியும் முதலிடத்துக்குப் போட்டி போடும். மலைமேல் முருகனைப் பார்க்கப் போகிறவர்கள் உள்ளங்கால் சுடச்சுடப் படியேறுவார்கள். கீழே வயல்களில், திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குப் போகவேண்டிய பின்பட்டக் கரும்பு அப்போதுதான் முளை விட்டிருக்கும். கரணை நட்ட மூன்றாம் நாள் தெளித்த அட்ரசின் என்ற களைக்கொல்லி அந்த மண்ணில் கிடக்கும். காற்றே 40 டிகிரி என்றால், காய்ந்த வெறுந்தரையின் மேற்பரப்பு 60 டிகிரிவரை ஏறும். அந்தச் சூட்டில் மருந்து என்னதான் ஆகும்?

“இந்த வெயிலுக்கு வீரியமெல்லாம் போயிடும்” என்று சொல்பவர்கள் உண்டு. சில மருந்துகளுக்கு அது உண்மை. சிலவற்றுக்கு நேர் எதிர். வெயில் என்று நாம் ஒரே சொல்லில் சொன்னாலும் அதில் ஒளியும் வெப்பமும் சேர்ந்தே வருகின்றன, இரண்டும் செய்யும் வேலை வேறு வேறு.

முதலில் ஒளி. சூரியனின் புற ஊதாக் கதிர்களில் மிகக் கடுமையானவற்றை ஓசோன் படலம் வடிகட்டிவிடுகிறது. நம் தலைமேல் விழுபவை ஏறக்குறைய 290 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளம் கொண்டவை மட்டும். (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்.) வடிகட்டி வந்த பிறகும் அந்த விளிம்பு ஒளியில் இரண்டு கார்பன் அணுக்களின் பிணைப்பை அறுக்கும் அளவுக்கு ஆற்றல் மிச்சமிருக்கிறது. ஒளி பட்டு மூலக்கூறு உடைவதை ஒளிச்சிதைவு என்கிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அந்த மூலக்கூறு அந்த ஒளியை உள்வாங்க வேண்டும். உள்வாங்காத பொருளை ஒளி ஒன்றும் செய்யாது.

எது உள்வாங்கும் என்பதைச் சில சமயம் கண்ணாலேயே சொல்லிவிடலாம். நிலக்கடலை விதைத்த கையோடு தெளிக்கும் பெண்டிமெத்தலின் பட்ட இடமெல்லாம் மஞ்சள் கறையாகும், சோப்புக்கும் லேசில் மசியாது. ஒரு பொருள் மஞ்சளாகத் தெரிகிறது என்றால் அது ஊதாவையும் நீலத்தையும் விழுங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இதே குடும்பத்தைச் சேர்ந்த டிரைஃப்ளூரலினை மண்மேல் அப்படியே விட்டால் பாதி ஒளியில் சிதைந்தும் மீதி ஆவியாகியும் தொலையும். தெளித்த உடனே மண்ணோடு கிளறிவிடச் சொல்வது அதனால்தான். ஒளி மண்ணுக்குள் ஒரு மில்லிமீட்டர் ஆழம் இறங்குவதே அரிது. ஆக, விரற்கடை மண் மூடினாலே மருந்துக்கு நிழல் கிடைத்துவிடுகிறது.

கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி நிறமற்றது. தரைக்கு வந்து சேரும் ஒளியை அது அநேகமாகச் சீண்டுவதே இல்லை. நாள் முழுக்கத் திருத்தணி வெயிலில் வைத்தாலும் நேரடியாக உடையாது. ஆனால் அதே மருந்து ஏரித் தண்ணீரில் கலந்தால் கதை மாறும். தண்ணீரில் கரைந்துள்ள நைட்ரேட்டும், மக்கிய தழையிலிருந்து ஊறும் பழுப்புச் சாறும் ஒளியை வாங்கிக்கொண்டு, எதையும் தாக்கும் ஆவேசமான துணுக்குகளை உண்டாக்குகின்றன. தானாக ஒளியை வாங்கத் தெரியாத மருந்தையும் அவை போய்ச் சிதைக்கின்றன.

அடுத்தது வெப்பம். ஒரு மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் காலத்தை அரை ஆயுள் என்பார்கள். அட்ரசினுக்கு மண்ணில் சுமார் 60 நாள் என்பது பாடநூல் கணக்கு. இதைப் புரிந்துகொள்ளத் திருத்தணி மலையைவிட நல்ல கருவி கிடையாது. அடிவாரத்திலிருந்து சன்னதிக்கு 365 படிகள், ஆண்டின் நாளுக்கு ஒன்று. டிசம்பர் 31 இரவில் அந்தப் படிகளுக்கே திருவிழா நடக்கிறது. ஒரு நாளுக்கு ஒரு படி ஏறுவோம். ஒரு ஹெக்டேரில் 2 கிலோ அட்ரசின் விழுந்ததாக வைத்துக்கொண்டால், அறுபதாம் படியில் 1 கிலோ மிச்சம். நூற்றிருபதில் அரைக் கிலோ. நூற்றெண்பதில் கால் கிலோ. உச்சிக்குப் போய்ச் சேரும்போது சுமார் 30 கிராம்.

வேதிவினைகளுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அரை ஆயுள் 60லிருந்து 30 நாளாகச் சுருங்கினால், உச்சிப் படியில் மிச்சம் 15 கிராமாக இருக்கும் என்றுதான் தோன்றும். கிடைப்பதோ அரைக் கிராமுக்கும் குறைவு! பாதிக்குப் பாதி என்று பன்னிரண்டு முறை குறைத்தால் வரும் விந்தை இது.

ஆனால் இந்தப் படியேற்றத்தைப் பெரும்பாலும் செய்பவை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள். மருந்து கொட்டிக் கெட்டுப்போன மண்ணிலிருந்து அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களில் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். அட்ரசின்தான் அதற்குத் தழைச்சத்து! ஆண்டுக்கணக்கில் அதே மருந்து தெளித்த வயல்களில் இத்தகைய உயிர்கள் பெருகி, சில நாளிலேயே பாதியைத் தின்று தீர்ப்பதும் உண்டு. அவற்றுக்குச் சூடு பிடிக்கும், ஈரமும் வேண்டும். மே மாதத்தில் தண்ணீர் பாயாமல் வெடித்துக் கிடக்கும் மண்ணில் அவை உறங்குகின்றன, மருந்தும் அப்படியே கிடக்கிறது. அடுத்த பட்டத்தில் அந்த நிலத்தில் உளுந்து போட்டவர், பயிர் ஏன் வெளுத்தது என்று தெரியாமல் விதையைத் திட்டிக்கொண்டிருப்பார்.

வெப்பத்தின் இன்னொரு வேலை, மருந்துக்குச் சிறகு கட்டுவது. 10 டிகிரி ஏறினால் பல மருந்துகளின் ஆவியாகும் தன்மை மூன்று நான்கு மடங்கு கூடும். 2,4-டி மருந்தைச் சோடியம் உப்பாக வாங்கினால் பெரும்பாலும் இலையிலேயே தங்கும். எஸ்டர் வடிவில் வாங்கினால் காற்றில் கிளம்பி, பக்கத்து வயலின் பருத்தியையும் தக்காளியையும் சுருட்டிவிடும். இதன் உறவான டைகாம்பா 2017இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 36 லட்சம் ஏக்கர் சோயாவைப் பாதித்தது. மறு ஆண்டு மினசோட்டா மாநிலம் விதித்த கட்டுப்பாடுகளில் ஒன்று, 85 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் தெளிக்கக் கூடாது என்பது. நம் கணக்கில் 29.4 டிகிரி செல்சியஸ். மே மாதத் திருத்தணியில் விடியற்காலையில்தான் அந்தக் குளிர்ச்சியைப் பார்க்கலாம்.

சிதைந்துவிட்டால் நஞ்சு தீர்ந்ததா? அதையும் கேட்க வேண்டும். டையூரான் என்ற களைக்கொல்லி உடைந்து டைகுளோரோஅனிலின் என்ற பொருளாகிறது. ஏரியில் துள்ளும் நீர்த்தெள்ளு என்ற சிற்றுயிருக்கு, மூல மருந்தைவிட இதுவே கொடியது. நஞ்சைச் சோதிக்கும் முறைகளில் ஒன்று அழகானது: இருட்டில் தானாக ஒளிரும் கடல் பாக்டீரியாக்களைச் சோதனைக் குழாயில் விட்டு மருந்தைச் சேர்ப்பார்கள். நஞ்சு ஏற ஏற அவற்றின் ஒளி மங்கும். டையூரானைவிட அதன் சிதைவுப் பொருள்கள் அந்த ஒளியை அதிகம் மங்கவைத்தன.

இவை எல்லாவற்றையும்விட வியப்பானது பாராகுவாட் என்ற களைக்கொல்லி. 1962இல் சந்தைக்கு வந்த இதற்கு வெயில்தான் ஆயுதம். ஒளி படும்போது இலையின் பச்சையத்தில் எலக்ட்ரான்கள் ஓடும். ஒளிச்சேர்க்கையே அந்த ஓட்டம்தான். பாராகுவாட் நடுவழியில் ஓர் எலக்ட்ரானைப் பறித்து ஆக்சிஜனிடம் கொடுக்கிறது. ஆக்சிஜன் வெறிபிடித்துச் செல்லின் சவ்வுகளைக் கிழிக்கிறது. பாராகுவாட்டோ பழைய உருவுக்குத் திரும்பி அடுத்த எலக்ட்ரானுக்குக் காத்திருக்கும், துளியும் செலவாவதில்லை. உச்சி வெயிலில் சில மணி நேரத்தில் இலை சுருண்டுவிடும், இருட்டில் அநேகமாக ஒன்றும் நடக்காது. சாயங்காலம் தெளித்தால் பலன் கூடுவதும் இதனால்தான்: இரவெல்லாம் இலைக்குள் பரவி, காலை வெயிலுக்குத் தயாராக இருக்கும்.

மனித உடலில் இதற்கு வெயிலும் தேவையில்லை. நுரையீரல் செல்கள் இதை வேண்டிய பொருள் என்று நம்பி உள்ளிழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. எலக்ட்ரானை உடலே தருகிறது, ஆக்சிஜனுக்கோ அங்கே பஞ்சமில்லை. முறிவு மருந்து இன்றுவரை கிடையாது. இலங்கை 2008 முதல் 2011க்குள் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தியது. கேரளமும் 2011இல் தடை செய்தது.

மருந்து அடிக்கிறவர்களுக்கு: வியர்த்துச் சூடேறிய தோல் மருந்தை அதிகமாக உறிஞ்சும். புழுக்கம் தாங்காமல் கையுறையையும் முகமூடியையும் கழற்றுவதும் அதே நேரத்தில்தான். அதனால் உச்சி வெயிலில் டேங்க்கைத் தோளில் மாட்டாதீர்கள். வெயிலில் காய்ந்த டப்பாதானே என்று காலி டப்பாவில் தண்ணீர் பிடிக்காதீர்கள். யாருக்காவது மயக்கமோ வாந்தியோ வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது லேபிளோடு அந்த டப்பாவையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது மருந்தின் பெயரைத்தான்.