தறியில்லாத துணி உற்பத்தியாளர்

ஒரு தறிகூட வைத்திராதவர் துணி உற்பத்தி செய்ய இயலுமா? இயலும்! இத்தாலியில் ஃபுளோரன்சுக்கு அருகிலுள்ள பிராட்டோ, கம்பளித் துணிக்குப் பெயர்பெற்ற நகரம். 1950-க்குப் பின் அங்கே பெரிய ஆலைகள் பலவற்றின் வேலை சிறு பட்டறைகளுக்குப் பிரிந்தது. நூற்பது ஓரிடம், நெய்வது ஓரிடம், சாயம் தோய்ப்பது வேறிடம்.

இவற்றை இணைப்பவர் 'இம்பன்னதோரே' எனப்படும் தரகர். அவர் துணியின் மாதிரியை வகுப்பார், ஆர்டர் பெறுவார், நூல் வாங்குவார், ஒவ்வொரு வேலையையும் ஏற்ற பட்டறைக்கு அனுப்புவார். அடுத்த ஆர்டருக்கு வேறு பட்டறைகள் சேரலாம். ஆகவே, புதிய மோகத்துக்கேற்பத் துணியை விரைவில் மாற்ற முடிகிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆர்டர் குறைந்தால் சும்மா நிற்பது நெசவாளியின் தறிதான். தரகருக்குத்தான் தறியே இல்லையே! பல தரகர்களிடம் வேலை பெறும் பட்டறையே அத்தகைய காலத்தில் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.