உங்களுக்குத் தெரியுமா? இடுப்புக்குள்ளே ஒரு புதுப் பந்து!

எலும்பும் சாகும்! ஆள் ஜம்மென்று நடமாடிக்கொண்டிருப்பார். ரத்தம் எட்டாமல் தொடையெலும்பின் உச்சியில் இருக்கும் பந்து மட்டும் செத்துக்கொண்டிருக்கும். டாக்டர்கள் இதை ‘ஏவிஎன்’ என்பார்கள்!

தாத்தா பாட்டி வியாதி என்று நினைத்தீர்களா? இதில் அதிகம் சிக்குவது 30 முதல் 50 வயதுக்காரர்கள்! பலருக்கு ஒரு பக்கத்தோடு நிற்பதும் இல்லை, இரண்டு இடுப்பும் காலி!

வரவழைப்பது யார் யார்? ஸ்டீராய்டு, குடி, அரிவாள் செல் நோய்... ஆழ்கடலில் முங்கி எழும் டைவிங்கூட!

உங்கள் எடை 60 கிலோவா? நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் இடுப்புப் பந்து தாங்கும் பாரம் 120 கிலோவைத் தாண்டும்!

பந்து பழுதானால் புதிது பொருத்துவார்கள். பர்மாவில் 1960-ல் டாக்டர் சான் பா, 83 வயது புத்த பிக்குணிக்குப் பொருத்திய இடுப்புப் பந்து எதில் செய்தது தெரியுமா? யானைத் தந்தத்தில்! அப்புறம் அவர் பொருத்திய தந்தப் பந்துகள் 300-க்கும் மேல்!

இங்கிலாந்தின் டாக்டர் ஜான் சார்ன்லி செயற்கை இடுப்பு மூட்டுக்கு முதலில் நம்பியது டெஃப்லானை. ஆம், ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதேதான்! சில வருடங்களிலேயே தேய்ந்து பல்லிளித்தது. அது உடம்புக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க, ஒரு துண்டைத் தன் தொடையிலேயே வைத்துக்கொண்டார் மனுஷர்!

அவரைக் காப்பாற்றியது நெசவு மெஷின் பல்சக்கரத்துக்கு வந்த பிளாஸ்டிக்! 1962 நவம்பரில் அதை இடுப்புக்குள் வைத்தார். இன்றுவரை உலகில் பெரும்பாலும் அந்த வழிதான்!

“நீங்கள் இறந்த பிறகு மூட்டைத் திருப்பித் தர வேண்டும்!” சார்ன்லி தன் நோயாளிகளிடம் இப்படிச் சம்மதம் கேட்டுவைத்தார். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்கத்தான்!

ஏவிஎன்காரர்களுக்கு 1990-க்கு முன் மாற்றிய மூட்டுகளில் 17 சதவீதம் மறுபடி ஆபரேஷனுக்கு வந்தன. அதற்குப் பிறகு மாற்றியவற்றில்? வெறும் 3 சதவீதம்! 67 ஆய்வுகளை அலசிய கணக்கு இது!

எந்தக் காரணத்துக்காக மாற்றியதோ போகட்டும், 100 செயற்கை இடுப்புகளில் 25 வருடம் தாண்டியும் உழைப்பவை சுமார் 58!

அமெரிக்க விளையாட்டு வீரர் போ ஜாக்சனுக்கு 1991-ல் விளையாட்டில் அடிபட்டு ஏவிஎன் வந்தது. 1992-ல் இடுப்பை மாற்றினார்கள். 1993-ல் பேஸ்பால் மட்டையோடு திரும்பி வந்தார். முதல் வீச்சு... ஹோம் ரன், நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி! அந்த சீசனில் மொத்தம் 16!